க்ரவேரோவின் பிடரி

டூரின்,
மார்ச் மாதம், ஞாயிற்றுக்கிழமை,
குழாயில் தண்ணீர் வராத மதியம்.

மதிப்பிற்கும் அன்பிற்கும் உரிய அக்கா எர்சிலியாவுக்கு,

தம்பி ஒத்தாவியோ வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. சவோனாவில் நீயும் உன் முழங்கால்களும் சௌக்கியமாக இருக்க மாதா அருள் புரியட்டும். இங்கே டெல்ஃபினா சௌக்கியம். மகள் நொயேமியும் மாப்பிள்ளை யாக்கோபோவும் சௌக்கியம். சௌக்கியமில்லாதவன் இந்த வீட்டில் நான் ஒருவன்தான். விஷயத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், நீ உட்கார்ந்துகொண்டு படி. அர்மீதாவின் கடற்கரையில் வருஷா வருஷம் நாம் வாடகைக்கு எடுக்கும் நம் குடை போய்விட்டது.

அப்பா கடலிலிருந்து ஐந்தாம் வரிசையில் ஆரம்பித்த குடை. அவர் காலத்திலேயே நான்காவதுக்கு வந்தோம். அவர் கண்ணை மூடிய வருஷம் அர்மீதாவின் தாயார் துக்கம் விசாரித்துவிட்டு மூன்றாவதைக் கொடுத்தாள். அதற்கப்புறம் முப்பது வருஷமாக ஒரு அடி நகரவில்லை. அந்தக் கடற்கரையில் முன்னால் போக வேண்டுமென்றால் முன்னால் இருப்பவர் சாக வேண்டும், இல்லாவிட்டால் கடல் அலுத்து மலைப்பக்கம் போக வேண்டும். நான் யாருக்கும் கெடுதல் நினைக்கிறவன் இல்லை என்பது உனக்குத் தெரியும். ஆனாலும் ஒவ்வொரு ஆகஸ்டிலும் போய் இறங்கியதும் முதல் வரிசையை ஒரு பார்வை பார்ப்பேன், இந்த வருஷம் யார் இளைத்திருக்கிறார்கள் என்று. சாவதற்குள் ஒரு கோடையாவது முதல் வரிசையில் உட்கார வேண்டும், அப்பாவின் ஆத்மா அதைப் பார்க்க வேண்டும். என் ஆசை அவ்வளவுதான்.

இது டெல்ஃபினாவுக்குப் புரியவில்லை. பிப்ரவரியில் ஒரு ஞாயிறு, எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருக்கும்போது வழக்கம்போல ஆகஸ்ட் பேச்சை எடுத்தேன். அவள் முள்கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நான் வரல" என்றாள். "முப்பது வருஷமா கடலுக்குப் போறேன்னுதான் பேரு. நான் பாத்ததெல்லாம் அந்த க்ரவேரோவோட பிடரியத்தான். அதுல இருக்கிற மச்சம்கூட எனக்கு மனப்பாடம். ஒரே ஒரு தடவையாவது கடலைப் பாத்துட்டு சாகணும்ங்க."

க்ரவேரோவை நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆல்பாவில் கசாப்புக் கடை வைத்திருந்தவன். இரண்டாம் வரிசையில் சரியாக எனக்கும் கடலுக்கும் நடுவே, அந்த அகலமான உடம்போடு உட்கார்ந்திருப்பான். காலையில் பிடரியைக் காட்டுவான். பத்து மணிக்கு மேல் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு என்னிடம் பேச ஆரம்பித்தால், தன் பித்தப்பை, தக்காளிப் பந்தல், மூத்த மருமகள் என்று பொழுது சாயும்வரை ஓயமாட்டான். கடலில் கால் நனைக்க எழுந்தால், "சாப்பிட்டு மூணு மணி நேரம் ஆகலய்யா, சாகப் போறியா?" என்று கையைப் பிடித்து உட்கார வைத்துவிடுவான்.

"கொஞ்சம் பொறு டெல்ஃபினா, முன்னாடி நகருவோம்" என்றேன்.

"எப்ப? முதல் வரிசையில இருக்கிற நோட்டரிக்குத் தொண்ணூறு வயசு. உங்களவிட நல்லா நீந்துறாரு."

இந்த இடத்தில் மாப்பிள்ளை ஃபோனை நீட்டினார். சார்டினியாத் தீவாம். நீலமாகத் தண்ணீர், வெள்ளையாக மணல். "பாருங்க மாமா, ஆளே இல்ல" என்றார் பெருமையாக.

"ஆளே இல்லேன்னா அங்க ஏதோ கோளாறுன்னு அர்த்தம் மாப்பிள்ளை. குடையை யாரு விரிச்சுக் குடுப்பாங்க?"

"நாமதான் மாமா. எங்க வேணும்னாலும் நட்டுக்கலாம்."

"எங்க வேணும்னாலும்னா, எங்க?"

அவர் சிரித்தார். வாழ்நாள் முழுக்க டிராம் ஓட்டியவன் நான், அக்கா. தண்டவாளம் போட்டிருக்கும் இடத்துக்குத்தான் போவேன், அடுத்த நிறுத்தம் எது என்று தெரிந்த பிறகுதான் போவேன். வரிசையே இல்லாத ஒரு கரையில், எண்ணே இல்லாத ஒரு குடைக்குக் கீழே, எனக்கு முன்னால் யார், பின்னால் யார் என்று தெரியாமல் ஒரு மனிதன் எப்படி உட்காருவான்? டெல்ஃபினாவோ, "நீங்க வரலேன்னா நான் நொயேமியோட போய்க்கிறேன். நீங்க உங்க க்ரவேரோவோட போங்க" என்று சொல்லிவிட்டு மீதிப் பாஸ்தாவை என் தட்டில் போடாமலே எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மூன்று வாரம் தாக்குப்பிடித்தேன். நாலாவது வாரம் என் காப்பியில் சர்க்கரை போடுவதை நிறுத்தினாள். தோற்றேன்.

இந்த வருஷம் இடம் வேண்டுமா, வேண்டாமா என்று ஈஸ்டருக்குள் அர்மீதாவுக்குத் தகவல் சொல்லிவிட வேண்டுமல்லவா? போன செவ்வாய்க்கிழமை ஃபோன் செய்தேன்.

"நல்லா யோசிச்சுட்டீங்களா அண்ணே?" என்றாள். "விட்டா விட்டதுதான். மிலான்காரங்க இடத்துக்கு அடிச்சுக்கிறாங்க."

"யோசிச்சாச்சும்மா" என்றேன். என் குரல் எனக்கே உயில் எழுதுகிறவன் குரல்போல் கேட்டது.

புதன்கிழமை அவளே கூப்பிட்டாள். "சொல்லாம இருக்க மனசு கேக்கல அண்ணே. நோட்டரியை அவர் பையன் ஆஸ்திரேலியாவுக்குக் கூட்டிட்டுப் போறானாம். முதல் வரிசை காலி. முறைப்படி க்ரவேரோ சாரைக் கேட்டேன். வேண்டாம்னுட்டாரு, நெஞ்சுல கடல்காத்து அடிக்கக் கூடாதாம். அடுத்தது நீங்கதான். ஒரே ஒரு நாள் பொறுத்திருக்கக் கூடாதா?"

"இப்ப... இப்ப சொன்னா?"

"மிலான்லேர்ந்து ஒரு பல் டாக்டருக்குக் குடுத்தாச்சு அண்ணே. உங்க மூணாவதையும் அவரோட மச்சான் எடுத்துக்கிட்டாரு."

ஃபோனை வைத்துவிட்டு ஹாலில் அப்படியே நின்றேன். முப்பது வருஷம் அக்கா! ஒரு பல் டாக்டர்! அதிலும் அந்த க்ரவேரோவின் அழும்பைப் பார். ஆயுசு முழுக்கக் குளிர் அறையில் தொங்கும் மாட்டுக்கறிக்கு நடுவே வேலை பார்த்தவனுக்கு ஆகஸ்ட் மாதக் கடல்காற்று ஆகாதாம்! நான் இடத்தை விட்டுவிட்டேன் என்று எப்படியோ மோப்பம் பிடித்து, என் வயிற்றெரிச்சலைக் கிளப்பவே வேண்டாம் என்றிருக்கிறான். எனக்குச் சந்தேகமே இல்லை. அன்றிரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. டெல்ஃபினா சமையலறையில் பாடிக்கொண்டிருந்தாள்.

இதோடு முடிந்ததா என்றால் இல்லை. சார்டினியாவுக்காக நொயேமி வாங்கிக் கொடுத்த புதுக் குடை நேற்று வந்தது. அடியில் ஈட்டிபோல் இரும்பு முனை. அக்கா, இத்தனை வயதில் நான் ஒரு குடையை மணலில் நட்டதே இல்லை. நாம் போய் இறங்குவதற்கு முன்பே அர்மீதாவின் ஆட்கள் நட்டு வைத்திருப்பார்கள். அங்கே போய் மாப்பிள்ளை முன் அசடு வழிய வேண்டாமென்று, இன்று காலை பூசை முடிந்து வந்ததும் நம் கட்டடத்து முற்றத்தில் பூச்செடிப் பாத்தியில் பழகிப் பார்க்கலாம் என்று இறங்கினேன். குடையை விரித்து முனையை வைத்தேன். முழு பலத்தையும் கொடுத்தேன். ஏதோ 'நறுக்' என்றது. அடுத்த நிமிஷம் தண்ணீர் இரண்டாம் மாடி ஜன்னல்வரை பீய்ச்சி அடித்தது. எல்லா வீட்டிலும் பாஸ்தாவுக்கு உலை வைக்கிற நேரம்! ஜன்னல் ஜன்னலாகத் தலைகள். காவல்காரி ஒர்நெல்லா துடைப்பத்தோடு ஓடி வந்தாள்.

"டிராம் ஓட்டின மனுஷன் டிராமோட நிக்க வேண்டியதுதானே! கிணறு வெட்ட உம்மை யாருய்யா கூப்பிட்டா?"

நான் பதறிப்போய்க் குடையை இன்னும் ஆழமாக அழுத்தினேன். நீர் நின்றது. குழாய்க்காரரை ஃபோனில் பிடித்தால், நாளைக்கு வரும்வரை அதைப் பிடுங்கவே கூடாது என்கிறார். கட்டடத்துக்கே தண்ணீரை அடைத்துவிட்டார்கள். ஜன்னல் வழியே பார்க்கிறேன். டூரின் நகரத்தில், மழை மேகத்துக்குக் கீழே, என் குடை விரிந்து நிற்கிறது. அதற்கு முன்னால் ஒருவருமில்லை. எனக்கு வாய்த்த முதல் வரிசை இதுதான்.

ஆகவே அக்கா, உன்னை விட்டால் எனக்கு நாதியில்லை. அர்மீதாவுக்கு ஞானஸ்நானத்தில் நீதான் ஞானத்தாய். உன் பேச்சை அவள் தட்டமாட்டாள். பஸ் பிடித்தாவது நேரில் போ. தம்பிக்கு அன்றைக்குக் கடுமையான ஜுரம், ஏதோ பிதற்றிவிட்டான் என்று சொல். முதல் வரிசை இல்லாவிட்டால் போகிறது, நம் பழைய மூன்றாவதையாவது அந்த மச்சானிடமிருந்து மீட்டுக் கொடுக்கச் சொல். அழ முடிந்தால் கொஞ்சம் அழு. நீ போனது டெல்ஃபினாவுக்குத் தெரிய வேண்டாம்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். குளிர்காற்றில் கழுத்துத் துணியைக் கழற்றாதே. அத்தானுக்கு என் வணக்கம், பூனைக்கு என் அன்பு. அப்பா அம்மாவின் ஆசி உன்னோடு இருக்கட்டும். மீந்தது எனக்கு.

நொந்துபோன தம்பி,
ஒத்தாவியோ

பி.கு.: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் க்ரவேரோ கூப்பிட்டான். எடுத்ததுமே கத்தினான்.

"யோவ் ஒத்தாவியோ, என்னய்யா பண்ணி வச்சிருக்க? முப்பது வருஷமா என் பிடரியப் பாத்துக்கிட்டே கெடந்தியே, கடைசி காலத்துலயாவது நீ முன்னாடி போ, உன் பிடரிய நான் பாக்குறேன்னுதானேய்யா காத்து ஆகாதுன்னு அர்மீதாகிட்ட புளுகினேன்! நீ பாட்டுக்கு விட்டுட்டுப் போயிட்ட. இப்ப என் பின்னாடி எவனோ ஒரு மச்சான். காதுல எதையோ மாட்டிக்கிட்டே உக்காருவானாம். நான் யார்கிட்டய்யா பேசுறது?"

அக்கா, இவனையா நான் மேலே அப்படியெல்லாம் எழுதினேன்? அழித்துவிடலாம் என்று பார்த்தால் மை காய்ந்துவிட்டது.

அவனும் அர்மீதாவிடம் இடத்தை விட்டுவிட்டானாம். மிதிபடகில் ஏறினாலே வாந்தி எடுக்கிறவன், நொயேமியிடம் விலாசம் வாங்கி, சார்டினியாவில் நாங்கள் தங்கப்போகும் வாடகை வீட்டுக்கு அடுத்த வீட்டையும் பிடித்து, கப்பல் டிக்கெட்டும் போட்டுவிட்டான். அவன் கத்தியது சமையலறைவரை எட்டியிருக்கும்; அங்கே கரண்டி கீழே விழுந்த சத்தம் கேட்டது. டெல்ஃபினா படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். "அர்மீதாகிட்ட அந்த மூணாவது வரிசையைத் திரும்பக் கேளுங்க. நான் தனியா அங்க போறேன். இப்ப அங்கதான் க்ரவேரோ இல்ல" என்று உள்ளேயிருந்து குரல் வருகிறது.

நீ அர்மீதாவிடம் போக வேண்டாம். ஏற்கெனவே போயிருந்தால், தம்பிக்கு ஜுரம் இன்னும் இறங்கவில்லை என்று சொல்லிவிடு.

ஃபோனை வைப்பதற்கு முன்னால் க்ரவேரோ ஒன்று கேட்டான். "அங்க வரிசையே கெடையாதாமே. யாருய்யா முன்னாடி உக்காருறது?"

கதவுக்குப் பின்னால் இருப்பவளுக்கும் கேட்கட்டும் என்று உரக்கச் சொன்னேன். "எல்லாருக்கும் முன்னாடி டெல்ஃபினா. அவளுக்கும் கடலுக்கும் நடுவுல ஒரு ஈ காக்கா வரக் கூடாது. அவ பின்னாடி நீ. உன் பின்னாடி நான்."

"சரிதான்" என்றான். "நான் உன் பக்கமாத் திரும்பி உக்காந்துக்கிறேன்."

படுக்கையறைக் கதவு இப்போது கொஞ்சம் திறந்திருக்கிறது.