முப்பாட்டனின் வோட்டு

"தாரிணியின்ர மனிசன் செத்த ஆக்களைத் தேடித் திரியுறாராம். உயிரோட இருக்கிற மாமிக்கு மட்டும் வீட்டில இடமில்லையாம்."

லண்டன் ரெய்னர்ஸ் லேன் தமிழ்க் கடையில், முருங்கைக்காய்ப் பெட்டிக்கு அந்தப் பக்கம் யாரோ சொன்னார்கள். இந்தப் பக்கம் தாரிணி அக்காவின் தங்கை நான், அரிசி மூட்டைபோல அசையாமல் நின்றேன்.

சொன்னது பொய்யில்லை. பிரேசர் அத்தான் ஸ்கொட்லாந்து வம்சம். மாடியில் சின்ன அறையில் உட்கார்ந்து, டண்டி நகரத்துப் பழைய வாக்காளர் பெயர்ப்பட்டியல் இடாப்புகளில் மூதாதையரைத் தேடுகிறார். ஜன்னலில் மழை வழியும். தூரத்தில் ரயில் இழுபடும். சணல் ஆலைத் தெருக்களின் பெயர்களை அத்தான் தாலாட்டுப்போல முணுமுணுப்பார். கேட்டபடி நான் படியிலேயே தூங்கிப்போவேன்.

அம்மா குரொய்டனில் தனியே இருந்தார். எங்களோடு வந்து இருக்க அவருக்கு அந்த மாடி அறைதான் வேண்டும்.

அத்தானுக்குத் தமிழ் தெரியும். அம்மாவிடம் கற்றதால் எல்லாமே அதட்டலாக வரும்.

"மாமியோட ஒரே கூரையா? எங்கட பரம்பரையிலயே இல்லை! ஆலைத் தொழிலாளி எண்டாலும் தனிவீட்டுக்காரர். அந்தக் காலத்தில வீடிருந்தாத்தான் வோட்டு. என்ர முப்பாட்டன் ரொபர்ட்டுக்கு வோட்டு இருந்தது!"

"இடாப்பில பேரைப் பாத்தனீங்களோ?" என்று அக்கா கேட்டாள்.

"தேடிக்கொண்டிருக்கிறன்."

"இஞ்சாருங்கோ, அவரும் மாமியோட இருந்திருந்தா?"

"அண்டைக்கே அறையை விட்டுடுறன்!"

"கௌசி, கேட்டனீதானே?"

நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

"அப்ப கடைசிப் பக்கங்களையும் பாருங்கோ," என்றாள் அக்கா, வெங்காயம் உரித்தபடி. "வாடகை அறையில இருந்தவைக்கும் வோட்டு இருந்ததாம். அவையின்ர பேர் தனியா இருக்குமாம்."

"உமக்கு எப்பிடித் தெரியும்?"

"நீங்கள் வேலைக்குப் போனாப் பிறகு கொம்பியூட்டர் சும்மாதானே கிடக்குது."

அத்தான் மேலே போனார். கொஞ்ச நேரத்தில் தாலாட்டு நின்றுவிட்டது. நான் எட்டிப் பார்த்தேன்.

ரொபர்ட் பிரேசர், ஆலைத் தொழிலாளி. பின்னறை ஒன்று. வீட்டுக்காரி, திருமதி ஏக்னஸ் மில்ன்.

சட்டமிட்டு அத்தானே சுவரில் மாட்டிய ரொபர்ட்டின் கல்யாணப் பதிவில், பெண்ணின் தாய் பெயரும் அதுதான்.

அவர் திரையையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார். எங்கோ அந்தப் பின்னறையில், கீழே மாமியாரின் காலடிச் சத்தத்தைக் கேட்டபடி, ரொபர்ட்டும் அவரைப் பார்த்திருப்பது போலிருந்தது.

கீழே அக்கா போனில் பேசினாள். "ஓம் அம்மா. அவரே வந்து கூட்டிக்கொண்டு வருவாராம்."

அத்தான் அந்த அறையிலிருந்த தன் காகிதப் பெட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கிப் படிக்குக் கீழே அடுக்கினார். பிறகு கார்ச் சாவியை எடுத்தார்.