வலது பின்சக்கரமும் லூர்து சித்தப்பாவும்

ஒரு கருவியைச் சும்மா வாங்கியவரைவிட, அதைப் பற்றி வண்டி வண்டியாக வீடியோ பார்த்துவிட்டு வாங்கியவர் ஆபத்தானவர். முன்னவர் அதைப் பயன்படுத்துவார். பின்னவர் அதை விளக்குவார். நான் இரண்டாவது ரகம்.

கோட்டையூரில் எங்கள் வீட்டுக்கு முதன்முதலாக ஒரு கார் வந்தது, இன்னொருவர் ஓட்டிவிட்டு விற்ற பழைய கார். அதில் டயர் காற்றைக் கண்காணிக்கும் வசதி கிடையாது. அது ஒரு குறை என்று வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. எனக்கு மட்டும் தூக்கம் வரவில்லை. ஆன்லைனில் ஒரு பெட்டி வரவழைத்தேன். உள்ளே விரல் நுனி அளவில் நான்கு மூடிகள், டாஷ்போர்டில் வைக்க ஒரு குட்டித் திரை. டயரில் காற்றடிக்கிற வாயில் இருக்கும் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றிவிட்டு இதைத் திருக வேண்டும். அது உள்ளே இருக்கும் ஊசியை அழுத்தி, காற்றை நேராகவே அளந்து, திரைக்குச் சொல்லிவிடும். குறைந்தால் திரை கத்தும்.

எங்கள் லூர்து சித்தப்பாவுக்கு இதெல்லாம் தேவையில்லை. டயரை எட்டி உதைத்து, வருகிற சத்தத்தை வைத்தே தீர்ப்புச் சொல்கிறவர் அவர்.

"புதுக் கார்ல எல்லாம் ரெண்டு விதம் இருக்கு சித்தப்பா. ஒண்ணு, சக்கரத்துக்குள்ளயே சென்சார் இருக்கும். இன்னொண்ணு, சக்கரம் சுத்துறத எண்ணும். காத்துக் குறைஞ்ச டயரு லேசாச் சின்னதாயிருமா, அதனால மத்ததவிட வேகமாச் சுத்தும். அத வச்சுக் கண்டுபிடிச்சிரும்."

"சின்னதாப் போனா கண்ணுக்குத் தெரியாதாக்கும்?"

"கண்ணுக்குத் தெரியிறப்ப நேரம் கடந்துபோயிருக்கும் சித்தப்பா."

"அதுக்குத்தான் ஒதைக்கச் சொல்றேன்."

இந்த வாக்குவாதத்தின் முடிவு அண்ணனின் நிச்சயதார்த்த நாளில் தெரிந்தது. அண்ணன் அருளுக்குப் பெண் எடுப்பது காளையார்கோவிலுக்குப் பக்கத்தில். அந்த ஊர்த் தேவாலயத்துப் பங்குச்சாமியார் வந்து, ஜெபம் சொல்லி மோதிரம் மந்திரித்துக் கொடுப்பதாக ஏற்பாடு. அவருக்குப் பிற்பகலில் வேறொரு ஊரில் பூசை இருந்தது. தவக்காலம் தொடங்கப் போகிறது, அதில் நல்ல காரியம் வைப்பதில்லை என்பதால் அன்றைக்கு விட்டால் ஈஸ்டர் வரைக்கும் காத்திருக்க வேண்டும். காரை யார் ஓட்டுவது என்ற பேச்சு வந்தபோது நான் கையைத் தூக்கினேன். சித்தப்பாவும் தூக்கினார்.

அப்பா, மகளான என் பக்கம் திரும்பினார். "ஏத்தா, நீயே ஓட்டு. சாமியார் கெளம்புறதுக்குள்ள கொண்டுபோய்ச் சேத்துட்டீன்னா சாவி இனிமே ஒன்கிட்டத்தான். சேக்கலைன்னா லூர்துகிட்ட."

சித்தப்பா அப்போதே கையை நீட்டி வைத்துக்கொண்டார்.

புறப்படுகிற காலையில் அத்தைமார் எல்லாரும் வாசலில் கூடிவிட்டார்கள். ஆட்கள் கூடினால் எனக்கு வாய் சும்மா இருக்காது. வலது பின்சக்கரம் வாசலைப் பார்த்து இருந்ததால் அந்த மூடிக்குத்தான் கண்காட்சி வேலை. கழற்றுவேன், திரை கத்தும். மாட்டுவேன், அடங்கும். பெரிய அத்தை பார்த்தார். அடுத்து வந்த அத்தைக்காக மறுபடி கழற்றினேன். பக்கத்து வீட்டு ஆச்சிக்காக இன்னொரு தடவை. (அவர் பால்காரரைத் தேடித்தான் வெளியே வந்திருந்தார்.) கழற்றிக் கழற்றி மாட்டியதில், மூடிக்குள் இருந்த மெல்லிய ரப்பர் வளையம் எங்கேயோ விழுந்துவிட்டது. இது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை.

முன்னால் அப்பா. பின்னால் இடப்பக்கம் அண்ணன், நடுவில் அம்மா, வலப்பக்கம் சித்தப்பா. சித்தப்பாவின் சட்டைப் பையில் இரண்டு மோதிரங்கள். டிக்கி முழுக்கச் சீர்த்தட்டு.

கிளம்பும்போது திரையில் எல்லாச் சக்கரத்துக்கும் காற்று முப்பத்திரண்டு. கல்லல் ஊருக்குள் வந்தபோது வலது பின்சக்கரம் இருபத்தொன்பது. கல்லலைத் தாண்டிக் கண்மாய்க்கரை வந்ததும் இருபத்தாறு. திரை கத்த ஆரம்பித்தது. வண்டியை ஓரம் கட்டினேன்.

சித்தப்பா இறங்கிப் பட்டு வேட்டியை மடித்துக் கட்டி ஓர் உதை விட்டார். "கல்லு மாதிரி இருக்கு. எடு வண்டிய."

"குறையுது சித்தப்பா. ஆணி ஏறியிருக்கு. ஸ்டெப்னி மாத்திருவோம்."

எனக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். கருவி ஜெயித்துவிட்டது. இப்போது டயரையும் நானே மாற்றிவிட்டால் சாவி என்ன, காரையே என் பெயருக்கு எழுதித் தந்துவிடுவார்கள்.

ஸ்டெப்னி டிக்கியில் தட்டுகளுக்கு அடியில் இருந்தது. ஒவ்வொரு தட்டாக இறக்கி ரோட்டோரம் வரிசையாக வைத்தோம். வாழைப்பழம், ஆப்பிள், மாதுளை, சேலை, பூ. அண்ணன் ஈ விரட்டிக்கொண்டு காவலுக்கு நின்றான். பைக்கில் போன ஒருவர் வேகத்தைக் குறைத்து நிறுத்தினார்.

"ஆப்பிள் கிலோ என்ன தம்பி?"

"விக்கிறதுக்கு இல்லண்ணே. எனக்கு நிச்சயதார்த்தம்."

அவர் அண்ணனையும் கண்மாயையும் மாறி மாறிப் பார்த்தார். "இங்கயா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டார்.

ஸ்டெப்னியை வெளியே எடுத்துப் போட்டேன். சித்தப்பா அதையும் உதைத்தார். கால் உள்ளே போய்விட்டு வந்தது.

"ஏத்தா, இதுக்கு மூடி போடலையா?"

"பெட்டியில நாலுதான் இருந்துச்சு சித்தப்பா."

நான்கு டயரையும் காலை மாலை பார்த்துக்கொண்டிருந்தவள், ஐந்தாவது ஒன்று இருப்பதையே மறந்திருந்தேன். அப்பா கடிகாரத்தைப் பார்த்தார். அம்மா ஜெபமாலையை எடுத்துவிட்டார். (எங்கள் வீட்டில் நிலைமை கைமீறியதற்கு அதுதான் அறிகுறி.) சித்தப்பா காரின் முன்கதவுப் பக்கம் நகர்ந்து நின்றுகொண்டார்.

இனி ஆணியைக் கண்டுபிடித்தால்தான் உண்டு. குடிதண்ணீர் பாட்டிலைத் திறந்து டயர் முழுக்க ஊற்றினேன். காற்றுப் போகிற இடத்தில் குமிழ் வர வேண்டும். ரப்பரில் எங்கும் குமிழ் இல்லை. கடைசிச் சொட்டு வழிந்து காற்றடிக்கிற வாய்க்கு வந்தது. அங்கே, என் மூடியைச் சுற்றி, பொரிகடலை மாதிரி குமிழ் குமிழாகப் பொங்கியது.

மூடியைக் கழற்றினேன். ஊசி மேலே எழும்பி வாய் அடைத்துக்கொண்டது. குமிழ் நின்றது. மூடிக்குள் பார்த்தேன். ரப்பர் வளையம் இல்லை. கருவி ஊசியை அழுத்திக்கொண்டிருக்க, காற்று மூடியின் சுற்று இடுக்கு வழியாகப் போய்க்கொண்டே இருந்திருக்கிறது. யாருக்கும் தெரியாமல் மூடியைக் கைப்பைக்குள் போட்டேன். நிமிர்ந்தால் தலைக்கு மேல் சித்தப்பா.

"ஆகக்கூடி, காத்தக் களவாண்டதும் அதுதான், காத்துக் களவு போகுதுன்னு கத்துனதும் அதுதான்."

"ஆனா சரியாக் கத்துச்சுல்ல சித்தப்பா?"

"அதுக்குத் தெரியாம யாருக்குத்தா தெரியும்?"

அம்மாவே ஜெபமாலையை நிறுத்திவிட்டுச் சிரித்தார். காது வரைக்கும் சூடேறியது. ஆனால் அந்தச் சூட்டில்தான் மூளையும் ஓடியது. டயரில் ஓட்டை இல்லை. அப்படியானால் மிச்சமிருக்கும் காற்று இனிப் போகாது. எவ்வளவு மிச்சம்? இடது பின்சக்கரத்தின் மூடியைக் கழற்றி, அதன் ரப்பர் வளையத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, வலதில் மாட்டினேன். பத்தொன்பது. எல்லாருமாகத் திரையைச் சுற்றி நின்று பார்த்தோம். அசையவில்லை. பத்தொன்பதேதான்.

"மெதுவாப் போனாப் போதும்ப்பா. காளையார்கோவில் முக்குல பஞ்சர் கடை இருக்கு. ஆனா இந்தச் சக்கரத்துமேல பாரம் இருக்கக் கூடாது."

சொல்லிவிட்டு நான் யாரையும் பார்க்கவில்லை. மற்ற மூன்று பேரும் சித்தப்பாவைப் பார்த்தார்கள். வலது பின்சக்கரத்துக்கு நேர் மேலே உட்கார்ந்து வந்தவரும் அவர்தான், குடும்பத்திலேயே கனமான ஆளும் அவர்தான்.

"என்னையவா?"

"சித்தப்பா, அந்தா பஸ்ஸு வருது. அது எங்களுக்கு முன்னாடி போயிரும். மோதிரம் ஒங்ககிட்டத்தான இருக்கு. நீக போய்ச் சாமியாரப் பிடிச்சு வையிங்க."

"நிச்சயதார்த்தத்துக்குப் பஸ்ஸுல போற மொத ஆளு நான்தான்த்தா." ஆனால் அப்பா கையைக் காட்டிப் பஸ்ஸை நிறுத்திவிட்டார். அண்ணன் ஆப்பிள் தட்டையும் கையில் கொடுத்தான். பாரம் குறையட்டுமாம். பட்டு வேட்டியும் ஆப்பிளும் மோதிரமுமாகச் சித்தப்பா படியேறியதும், பஸ்ஸே எழுந்து இடம் கொடுத்தது.

நாங்கள் மாட்டுவண்டிக்கு வழிவிட்டு, சைக்கிளுக்கு வழிவிட்டு, ஊர்ந்து ஊர்ந்து பஞ்சர் கடையைப் பிடித்தோம். காற்றடித்தோம், ஸ்டெப்னிக்கும் சேர்த்து. மூடி இழந்த இடது பின்சக்கரத்துக்குக் கடைக்காரரிடமே ஒரு சாதா பிளாஸ்டிக் மூடி வாங்கி மாட்டினேன்.

பெண் வீட்டு வாசலில் சாமியாரின் பைக் நின்றது. அதைப் பார்த்ததும் அப்பா என் தோளைத் தட்டினார். உள்ளே போனால், பந்தலுக்கு நடுவில் சித்தப்பா கலர் சோடா குடித்துக்கொண்டு கதை சொல்லிக்கொண்டிருக்கிறார். கூட்டமே சிரித்துக்கொண்டிருக்கிறது. கிளம்புவதற்காக எழுந்த சாமியார், முடிவு தெரியாமல் போக மனமில்லாமல் திரும்ப உட்கார்ந்துவிட்டாராம்.

"காத்தக் களவாண்டது நீதானாம்மா?" என்றார் சாமியார்.

"மூடிதான் சாமி. நான் புலன்விசாரணை."

வரப்போகிற அண்ணி ஸ்டெல்லா சிரித்த சிரிப்பில் தலையில் வைத்த பூ நழுவியது. மோதிரம் மந்திரிக்கப்பட்டு, மாற்றப்பட்டு, சாமியார் புறப்பட்டும் போனார். பூசைக்குத் தாமதமாகவில்லை.

திரும்பும்போது சம்பந்தி அப்பாவிடம் வந்தார். "இருட்டுறதுக்குள்ள போகணும்ல. வேணும்னா எங்க டிரைவர அனுப்பட்டுமா?"

"எங்களுக்கு டிரைவர் இருக்கு" என்று சொல்லிவிட்டு, அத்தனை பேருக்கும் முன்னால் சாவியை என்னிடம் நீட்டினார் அப்பா. சித்தப்பாவைப் பார்த்தேன். அவர் சாவியைப் பார்க்கவே இல்லை. வலது பின்சக்கரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தச் சாவி இன்றுவரை என்னிடம்தான் இருக்கிறது. கல்யாணம், காதுகுத்து, திருவிழா எதுவானாலும் ஓட்டுவது நான். எல்லாரும் ஏறி உட்கார்ந்த பிறகு, சித்தப்பா மட்டும் கதவைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்று, சட்டைப் பையில் சில்லறையைத் தடவிப் பார்த்துக்கொள்வார்.

"ஏத்தா டிரைவரு, இன்னைக்கு யாரு பஸ்ஸுல?"