ஒட்டிலியா மற்றும் கூட்டாளி

"ஆறாம் கோர்ட்டா? அது கோர்ட்டா சார்? உங்க அடுப்படி!"

ஸ்மரான்டா போட்ட சத்தத்துக்குத் தலைமை நடுவர் பான்டெலிமோன் தலை நிமிரவில்லை. ருமேனியாவின் பிரய்லா நகரில் பெண்கள் டென்னிஸ் போட்டி அன்று காலைதான் தொடங்கியிருந்தது. அவர் அறைக்கு வெளியே தொங்கிய பலகையில், இரட்டையர் முதல் சுற்று, ஸ்மரான்டாவும் ஒட்டிலியாவும், ஆறாம் கோர்ட், காலை ஒன்பது மணி என்று எழுதியிருந்தது.

ஆறாம் கோர்ட்டுக்கு ஒரு பக்கம் வேலி. மறுபக்கம் கிளப்காரர்கள் மிச் என்கிற கொத்திறைச்சி உருண்டை சுடும் கரி அடுப்பு. டான்யூப் நதிப் பக்கமிருந்து காற்றடித்தால் புகையில் பந்து தெரியாது. காற்று நின்றால் இறைச்சி வாசனையில் பசி தாங்காது.

"யாராவது அங்கே ஆடித்தானே ஆகணும் மேடம்," என்றார் பான்டெலிமோன்.

"அந்த யாராவது எப்பவும் இரட்டையர் ஆடறவங்கதானா?"

ஸ்மரான்டாவுக்கு வயது முப்பத்து நான்கு. பதினொரு வருடமாக ஊர் ஊராகப் போய் இரட்டையர் ஆடுகிறாள். ஒரு கோப்பைகூட வாங்கியதில்லை. இந்த வாரமும் வெறுங்கையோடு திரும்பினால் மட்டையைப் பரணில் போட்டுவிட்டுக் கணவனுடைய அண்ணனின் டயர் கடையில் உட்காருவதாக வீட்டில் ஒப்புக்கொண்டிருந்தாள். அவர்கள் அவள் தோற்றுவிடுவாள் என்றே நம்பி நாற்காலியே வாங்கிப் போட்டுவிட்டார்கள். இதைவிட ஒரு மனுஷியை எப்படித்தான் அவமானப்படுத்துவது?

"விடுடி," என்றாள் ஒட்டிலியா. மூன்று வருடமாக அவளோடு ஜோடி சேர்ந்து ஆடுகிறவள். குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. "நமக்கெல்லாம் இதுவே பெரிசு."

"என்னது? நமக்கெல்லாமா?"

அதே சூட்டோடு ஸ்மரான்டா கோர்ட்டில் இறங்கினாள். எதிரே நின்ற இரண்டு ஹங்கேரியப் பெண்களும் ஒரு பாவமும் அறியாதவர்கள். பான்டெலிமோனுக்கு விழ வேண்டிய அடியெல்லாம் அவர்களுக்கு விழுந்தது. 6-1, 6-2.

ஜெயித்த கையோடு மறுபடி அவர் அறைக்குப் போனாள். "இனிமே காலங்காத்தால எங்களைப் புகையில நிறுத்தினீங்க, நான் சும்மா இருக்க மாட்டேன்!"

"சரி மேடம். காலையில வேண்டாம்."

காலையில் வேண்டாம்தான். மறுநாள் பலகையில், அவர்கள் ஆட்டம் இரண்டாம் கோர்ட்டில், நான்கு ஒற்றையர் ஆட்டங்களுக்குப் பிறகு என்று இருந்தது. ஒன்பது மணிக்கு வந்து உட்கார்ந்தவர்களைச் சாயங்காலம் ஐந்தரைக்குக் கூப்பிட்டார்கள். அதுவரை ஸ்மரான்டா ஒரு பை சூரியகாந்தி விதையைக் கொறித்துத் துப்பித் தீர்த்திருந்தாள்.

"பாவம், அவங்களுக்கும் வேலை இருக்காதா? நம்ம ஞாபகம் வந்ததே பெரிய விஷயம்," என்றாள் ஒட்டிலியா.

"நீ வாயை மூடு!"

6-2, 6-0.

காக்க வைத்ததற்காக அவள் போட்ட சத்தம் வாசல்வரை கேட்டது. பான்டெலிமோன் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். அரையிறுதி அன்று சரியான நேரம், நல்ல கோர்ட். ஆனால் பலகையில் இப்படி இருந்தது: ஒட்டிலியா மற்றும் கூட்டாளி.

ஸ்மரான்டா அதை மூன்று முறை படித்தாள்.

"கூட்டாளியா? ஏன், எங்கப்பா எனக்குப் பேர் வைக்கலையா?"

"பலகையில இடம் போதலையாம்டி," என்றாள் ஒட்டிலியா. "என் பேரு எப்படியோ முழுசா விழுந்துடுச்சு. நல்லாத்தான் இருக்கு, இல்ல?"

அன்று வந்த செர்பிய ஜோடி நாற்பது நிமிடத்தில் மூட்டை கட்டியது. 6-0, 6-1. ஸ்மரான்டா வியர்வையைக்கூடத் துடைக்காமல் போய், "ஒண்ணு, ரெண்டு பேர் பேரும் இருக்கணும், இல்லாட்டி ரெண்டு பேர் பேரும் வேண்டாம்!" என்று மேஜையைத் தட்டிவிட்டு வந்தாள்.

இறுதியாட்டம் ஞாயிறு. நடுக் கோர்ட், தொலைக்காட்சிக் கேமரா, ஆயிரம் நாற்காலி என்று சொல்லியிருந்தார்கள். ஸ்மரான்டா வெள்ளைப் பாவாடையைத் தானே இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு வந்தாள். பலகையில் இரண்டு பெயரும் இல்லை. உள்நாட்டு ஜோடி என்று மட்டும் இருந்தது. அதற்கு நேரே: ஆறாம் கோர்ட்.

"நடுக் கோர்ட்டுல மேயரும் பல் டாக்டரும் நட்பு ஆட்டம் ஆடறாங்க மேடம்," என்றார் பான்டெலிமோன், கதவுக்குப் பின்னாலிருந்து.

"மேயரா? அந்தத் தொப்பையை வச்சுக்கிட்டு? நாங்க இறுதியாட்டம் ஆடறோம்யா! பதினொரு வருஷம்! நான் ஆட மாட்டேன், போ!"

"அதுவும் சரிதான்," என்றாள் ஒட்டிலியா மெதுவாக. "விட்டுடலாம். டயர் கடை ஒண்ணும் மோசமான இடமில்லையே. நிழல்தான்."

ஸ்மரான்டா அவளை எரித்துவிடுவதுபோல் பார்த்தாள். மட்டையை உருவிக்கொண்டு நேராக ஆறாம் கோர்ட்டுக்கு நடந்தாள்.

பார்வையாளர்கள் பதினொரு பேர். பத்துப் பேர் மிச் வாங்க வரிசையில், முதுகைக் காட்டிக்கொண்டு. முதல் செட் 6-1. இரண்டாவதில் 3-0. அப்போதுதான் வரிசையிலிருந்த ஒரு பெரிய மனிதர் பலமாகக் கைதட்டி, "பிரமாதம்!" என்று கத்தினார்.

ஸ்மரான்டாவுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. இந்த ஊரிலும் ஆட்டம் தெரிந்த ஒருவர் இருக்கிறாரே! முடியைச் சரிசெய்துகொண்டாள். அவரைப் பார்த்துச் சிரித்தாள். அடுத்த ஆறு கேமும் வரிசையாகப் போயின. 3-6.

ஆளுக்கொரு செட் ஆகிவிட்டதால், மூன்றாவது செட்டுக்குப் பதில் பத்துப் புள்ளி ஆட்டம் ஒன்றுதான் பாக்கி. முதலில் பத்தைத் தொடுகிற ஜோடிக்குக் கோப்பை. ஒட்டிலியா அவள் தோளில் கை போட்டாள்.

"ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டியே?"

"சொல்லுடி," என்றாள் ஸ்மரான்டா, இன்னும் சிரித்தபடி.

"அந்த ஆள் கை தட்டினது நமக்கில்லையாம். மிச் வெந்துடுச்சுன்னு தட்டினாராம்."

10-2.

கோப்பை சின்னதுதான். ஆனால் ஸ்மரான்டா அதைக் கட்டிக்கொண்டு அழுதாள். பதினொரு வருடம்! அழுது முடித்ததும் மனம் லேசானது. யார்மேலும் வருத்தமில்லை. பான்டெலிமோனை வாரம் முழுக்கப் படுத்தியதை நினைத்தபோது வெட்கமாகக்கூட இருந்தது. ஒட்டிலியா குளிக்கப் போன நேரத்தில் அவர் அறைக்குப் போனாள்.

அவர் சட்டென்று எழுந்து நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

"பயப்படாதீங்க சார். மன்னிப்புக் கேட்கத்தான் வந்தேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். நீங்க பாவம், உங்க வேலையைத்தானே பார்த்தீங்க."

பான்டெலிமோன் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"நல்லவேளை, ஜெயிச்சுட்டீங்க மேடம், 'அவ சந்தோஷமா இருந்தா நாங்க தோத்துடுவோம் சார், தயவுசெஞ்சு ஏதாவது அவமானம் பண்ணுங்க'ன்னு உங்க ஒட்டிலியா தினமும் காலையில வந்து நின்னாங்க, எனக்கும் யோசனையெல்லாம் தீர்ந்துபோச்சு!"