ரிவர்ஸ் அக்காவின் ஒற்றைப் புருவம்

சேர்வராயன் மலையில் இரண்டு புருவத்தோடு வாழ்கிறவர்கள் எத்தனையோ பேர். ஒரே புருவத்தை வைத்துக்கொண்டு மலையையே வழிவிட வைத்தவர் ரிவர்ஸ் அக்கா மட்டும்தான்.

இந்தக் காதுப் பக்கம் கிளம்பும் அந்தப் புருவம், மூக்குக்கு மேலே எங்கும் நிற்காமல் அந்தக் காது வரை போகும். கோபம் வந்தால் மொத்தமாக மேலே ஏறும். அது ஏறினால் எதிரில் நிற்பவர் இறங்கிவிடுவார்.

செம்மநத்தத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தார். காப்பி மூட்டை, மிளகு, பலாப்பழம், இடுக்கில் மனிதர்கள். ரிவர்ஸ் கியர் போட்டதே இல்லை என்பதால் அந்தப் பெயர். ஒருமுறை குறுகலான ரோட்டில் ஒரு வெளியூர்க் கார் எதிரே வந்து, "நீங்க பின்னாடி எடுங்க" என்றது. அக்கா இன்ஜினை அணைத்தார். தூக்குப்போசியைத் திறந்து, புளிச்சோற்றைப் பிசைய ஆரம்பித்தார்.

"நான் தின்னு முடிக்கறதுக்குள்ள யோசிச்சுச் சொல்லுங்க சாமி. அவசரமில்ல. பொறவு மோரு சோறு வேற இருக்குது."

மோர்சோறு வரைக்கும் போகவில்லை. கார் பின்னால் போனது.

எனக்கு அவர் பழக்கமானது பஸ் ஸ்டாண்டில். எட்டாவதோடு படிப்பு என்னை விட்டது. பனியன் கம்பெனி, ரோஜாத் தோட்டம், கல்யாண மண்டபப் பாத்திரம் என்று சுற்றிவிட்டு, ஏற்காட்டு லாட்ஜ் ஒன்றில் பெட்ஷீட் துவைக்க வந்திருந்தேன். மலைத் தண்ணீரில் விரல் வெடிக்கும், வெடித்த இடத்தில் சோப்பு எரியும், அவ்வளவுதான். லாட்ஜை மூடினார்கள். பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்தேன்.

"ஏங்கண்ணு, இங்கயே இருந்தா உன் பையக் கொரங்கு தூக்கிட்டுப் போயிரும். ஏறு" என்றார் ஜீப்பை நிறுத்திய அக்கா. எங்கே என்று நான் கேட்கவில்லை. ஜீப் மும்தாஜ் அக்காவின் பியூட்டி பார்லர் முன்னால் நின்றது. சேலத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். கணவருக்குப் பக்கத்திலேயே ஃபேன்சி ஸ்டோர்.

"இந்தப் புள்ளைக்கு ஒரு வேலை குடுங்க."

"இவளுக்கு என்ன தெரியும்?"

"ஒண்ணும் தெரியாதுங்க. அதனால எதையும் தப்பாக் கத்துக்கிட்டு வரல."

வேலை கிடைத்தது. கூட்டுவது, முடி எடுக்கிற மெழுகைச் சூடாக்குவது, நூலால் புருவம் திருத்தும்போது வாடிக்கையாளரின் தும்மலுக்குத் தள்ளி நிற்பது.

பார்லருக்கு எல்லாரையும் ஜீப்பில் கொண்டுவந்து விடுவாரே தவிர, அக்கா அந்த நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. ஒருநாள் வந்து உட்கார்ந்தார். முகம் சரியில்லை.

"மும்தாஜு, இந்தப் புருவத்த ரெண்டாக்கோணும்."

காரணம் காசி. மிளகு மூட்டையோடு ஜீப்பில் வருகிற மனிதர். பேசமாட்டார், இறங்கும்போது மட்டும் சிரிப்பார். முப்பது தாண்டிய இருவரும் கல்யாணம் என்று முடிவு செய்தபோது காசியின் அம்மா ஒரு நிபந்தனை வைத்தார். சேர்ந்த புருவம் கட்டினவன் ஆயுசைக் குறைக்குமாம். பிரித்துவிட்டு வந்தால் நிச்சயம்.

"எனக்கு அந்தாள நொம்பப் புடிக்குது. அதான் வந்தேன்" என்றார் அக்கா, கண்ணாடியைப் பார்க்காமல்.

"த்ரெடிங்கா, வாக்ஸிங்கா?"

"எது வலிக்காது?"

"ரெண்டும் வலிக்கும். நூலுன்னா ஒவ்வொண்ணாப் புடுங்கும், கண்ணுல தண்ணி வரும். வாக்ஸுன்னா ஒரே இழுப்பு. சிலருக்குத் தோலு செவந்து எரியும்."

"செரி, ஒருவாட்டி தான? தாங்கிக்கலாம்."

"ஒருவாட்டியா? மூணு நாலு வாரத்துல திரும்ப மொளைச்சுரும். மறுபடி வரணும்."

அக்கா கண்ணாடியைப் பார்த்தார். புருவம் ஏறியது.

"ஏனுங்க, கல்யாணம் ஒருக்கா, வலி மாசாமாசமுங்களா?"

எழுந்து போனார். கொஞ்ச நேரத்தில் ஜீப் திரும்பி வந்தது. முன்சீட்டில் காசி. பின்சீட்டில், மருமகளின் புருவம் பிரிவதைக் கண்ணால் பார்க்கப்போகும் சந்தோஷத்தில் காசியின் அம்மா.

அக்கா காசியை நாற்காலியில் உட்கார வைத்தார். "மும்தாஜு, இவருக்கு எடதுபக்கம் நூலு. வலதுபக்கம் மெழுகு. எது வலி கம்மின்னு சொல்றாரோ அத நான் பண்ணிக்கறேன்."

"ஏம்மா, ஆம்பளைக்கு எதுக்கு?" அம்மா பதறினார்.

"ஆயுசு அவரோடதுதானுங்களே அத்தே? வலி மட்டும் என்னோடதுங்களா?"

காசி, "இருக்கட்டும்மா. எடுக்கட்டும்" என்று இரண்டு விரலால் புருவத்தோலை இழுத்துப் பிடித்துக்கொண்டார்.

நூல் ஓடியது. காசி வரிசையாகத் தும்மினார். கண்ணீர் மீசை வரை வந்தது. அடுத்து வலதுபக்கம் நான் மெழுகைத் தடவி, துணிப்பட்டையை ஒட்டினேன். மும்தாஜ் அக்கா "அல்லா" என்று சொல்லி ஒரே இழுப்பு இழுத்தார். ஏரிக்கரை வரை ஓர் அலறல் கேட்டது. அலறியது காசி அல்ல. அவருடைய அம்மா.

"எம்பையன உடுங்க!"

காசி கண்ணாடியைப் பார்த்தார். இடதுபக்கம் கல்யாணப் பெண்ணின் புருவம். வலதுபக்கம் அதே பெண் அழுதுமுடித்த மாதிரி சிவந்த புருவம்.

"எதுங்க வலி கம்மி?" என்று அக்கா கேட்டார்.

"ரெண்டும் வேண்டாம்" என்றார் காசி. "நான் பாத்துப் புடிச்ச மூஞ்சி அது. அப்படியே இருக்கட்டும்."

அவர் அவ்வளவு நீளமாகப் பேசி யாரும் கேட்டதில்லை. அம்மா அவர் கையைப் பிடித்துத் தரதரவென்று பஸ்ஸுக்கு இழுத்துப் போனார்.

அக்கா காலியான நாற்காலியில் உட்கார்ந்தார். "போயிட்டாங்களா கண்ணு?"

"போயிட்டாங்கக்கா."

"அவருமா?"

"அவருந்தான்."

புருவம் ஏறவில்லை. அப்படியே கிடந்தது. "நான் செஞ்சது தப்பில்ல" என்றார். கீழே கிடந்த மெழுகுப் பட்டையை எடுத்துப் பார்த்து, "வலிச்சிருக்கும், பாவம்" என்றார். புருவத்தை எடுத்துவிடலாமே என்று மும்தாஜ் அக்கா மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். அக்கா மாட்டேன் என்று தலையை ஆட்டினார். காசி வேண்டும். ஆனால் இந்த விலைக்கு இல்லை.

சில நாள் கழித்து, அக்காவின் ஜீப் நிற்கிற நேரம் பார்த்து, காசியின் அம்மாவே பார்லர் வாசலில் வந்து நின்றார்.

"டீக்கடையில எம்பையன எந்த நாடகத்துல பொம்பள வேசம்னு கேக்கறாங்க. இந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வேற எந்த ஊட்ல நான் பொண்ணு கேக்கறது? நீயே கட்டிக்கம்மா."

"மொளைக்கற வரைக்கும் பொறுத்துப் பாக்கலாமுங்களே அத்தே?"

"மொளைச்சா நீ மறுக்காவும் இழுத்துட்டு வந்துருவ. அந்தப் பயம் வேற எனக்கு."

கல்யாண போட்டோவை இப்போது பார்த்தாலும் சிரிப்பு வரும். பெண்ணுக்கு ஒரே புருவம், கறுப்பாக, கம்பீரமாக. மாப்பிள்ளைக்கு வில் மாதிரி இரண்டு. பெண்ணின் புருவத்தைத் திருத்தித் தருவதாக போட்டோகிராஃபர் சொன்னாராம். அக்காவின் புருவம் ஏறியதும் அவசரமாகப் பெட்டியைக் கட்டிக்கொண்டு போனார் என்று கேள்வி.

கல்யாணத்தன்று காலை அக்காவுக்கு அலங்காரம் செய்தது நான். பவுடர் போடும்போது பார்த்தேன். இரண்டு புருவமும் சேர்கிற இடத்தில், நட்டநடுவில், ஒரே ஒரு வெள்ளை முடி.

"இத மட்டும் எடுத்துரட்டுங்களாக்கா?"

அக்கா கண்ணாடியில் குனிந்து பார்த்தார்.

"ஒத்தையா வந்துருக்குது. இருந்துட்டுப் போவுது, உடு கண்ணு."

பொட்டை எடுத்தபோதும் அந்த 'இருந்துட்டுப் போவுது' என் காதிலேயே நின்றது. ஊர் ஊராகப் போகிறவளுக்கு யாரும் அப்படிச் சொல்லிப் பழக்கமில்லை. கொஞ்சம் கோணலாகத்தான் வைத்தேன். அவர் அதையும் திருத்தவில்லை.