கூப்பிடாத கடை

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். நீங்களும் அத்தையும் சுகம்தானே? நாங்களும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், ஆனால் பக்கத்து அறையில் அம்மா பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறாள். ஊருக்கே, உங்கள் வீட்டுக்கே திரும்பிவிடப் போகிறாளாம், பள்ளிக்கூடம் இருப்பதால் நான் அப்பாவோடு இங்கேயே இருக்கணுமாம். அப்பாவுக்கு வெந்நீர் வைக்கத்தான் தெரியும், மாமா. போனில் சொன்னால் அம்மா காதில் விழும் என்பதால் எழுதுகிறேன்.

எல்லாம் ஒரு முட்டைக்கோஸால் வந்தது. இந்த நாட்டில் காய்க்கெல்லாம் விலைச்சீட்டு ஒட்டியிருக்கும். அம்மா கல்லாவில் இருந்த அக்காவிடம் குறைத்துக் கேட்கச் சொன்னாள், நானும் கேட்டேன், அந்த அக்கா சிரித்துக்கொண்டே சீட்டைக் காட்டினாள், உடனே அம்மா "அப்ப வேண்டாம்" என்று கோஸை வைத்துவிட்டு வாசலைப் பார்த்து நடந்தாள். அந்த நடைதான் உங்களுக்குத் தெரியுமே! நாலடி போவதற்குள் "சரி வாங்கக்கா, எடுத்துக்கோங்க" என்று கடைக்காரர் கூப்பிட்டாகணும். யாரும் கூப்பிடலை. அம்மா செருப்பைச் சரிசெய்தாள், ஜாம் பாட்டிலை எடுத்துப் பார்த்தாள், அப்புறமும் கூப்பிடலை, வாசலுக்குப் போனால் கதவு தானாகவே திறந்துகொண்டது. "பாத்தியாடி, கதவுகூட போ போங்குது!"

வீட்டில் அப்பா, "விலைதான் ஒட்டியிருக்கே, பேச என்ன இருக்கு?" என்றார்.

"அதையேதான் நானும் சொல்றேன். பேச ஒண்ணுமில்லாத ஊர்ல எனக்கென்ன வேலை?"

அப்பா வெந்நீர் வைக்கப் போய்விட்டார்.

விலை வேறு, மதிப்பு வேறு என்று பரீட்சையில் எழுதி முழு மதிப்பெண் வாங்கியவள் நான். ஆனால் அன்றைக்குத்தான் புரிந்தது. அம்மாவுக்குக் காசு பெரிசில்லை, போகாதே என்று ஒரு குரல் கேட்கணும். நான் சொன்னால், "வீட்டாளுங்க சொல்றதெல்லாம் கணக்கில்ல" என்கிறாள். அதனால் தயவுசெய்து போன் பண்ணி, வீட்டுக்கு வெள்ளையடிக்கிறோம், இப்போ வராதே என்று ஒரு பொய் சொல்லுங்கள் மாமா.

அத்தைக்கு என் வணக்கம், பாப்பாவுக்கு இரண்டு முத்தம்.

இப்படிக்கு,
கவலையோடு,
உங்கள் மருமகள்

பி.கு.: தபால்தலை வாங்க அதே கடைக்குப் போனேன். கல்லா அக்கா என்னைப் பார்த்ததுமே, "அம்மா எங்கே, ஆளையே காணோம்? சாயங்காலம் மீந்த காய்க்கெல்லாம் விலை குறைச்சு ஒட்டறது நான்தான். வரச் சொல்லு, பேசிக்கலாம்" என்றாள். வந்து சொன்னேன். அம்மா பெட்டியிலிருந்த துணியையெல்லாம் கட்டிலில் கொட்டிவிட்டு, அதே பெட்டியை உருட்டிக்கொண்டு காய் வாங்கப் போயிருக்கிறாள். நீங்கள் வெள்ளையடிக்க வேண்டாம்.