கிளி கத்தாத பேச்சு

எந்தப் பூகோளப் புத்தகத்திலும் அகப்படாத இன்சொற்புரி நாட்டில், தலைநகரத்துத் தெருக்களில் தெருவுக்கு ஒரு ஒலிபெருக்கிக் கூம்பு கட்டியிருந்தார்கள். சாயங்காலமானால் அத்தனை கூம்பிலும் அரண்மனை அறிவிப்பாளர் மணிக்குரலார் பேசுவார். கற்கண்டு போட்ட குரல்.

"மதிப்புக்குரிய தென்கரைப் பெருமக்கள் நம் ஆற்றில் நஞ்சு கலக்கிறார்கள் என்பதைப் பணிவன்புடன் தெரிவித்துக்கொள்கிறோம். வணக்கம்."

வணக்கம் காதில் விழுந்த கையோடு நகரத்து ஜனங்கள் ஆற்றங்கரைக்கு வந்து கல் பொறுக்குவார்கள். தென்கரையிலிருந்து எது வந்தாலும் எறிவார்கள்.

வந்துகொண்டிருந்தது ஒரே ஒரு படகு. அங்கம்மாவின் படகு. தென்கரைக்குச் சந்தையும் வைத்தியரும் அந்தப் படகு வழியாகத்தான். நடு ஆற்றில் ஒரு சுழி உண்டு. அங்கே எவன் எழுந்து நின்றாலும் படகு கவிழப் பார்க்கும். அதனால் சுழி வந்ததும், "உட்காருடா எருமை" என்று அடித்தொண்டையில் ஒரு சத்தம் போடுவாள். வியாபாரி, பூசாரி, மாலை போட்ட மாப்பிள்ளை, எல்லோருக்கும் அதே மரியாதைதான். சிரித்துக்கொண்டே உட்காருவார்கள். ஒருவரும் மூழ்கியதில்லை.

ஒருநாள் கல் ஒன்று அவள் தம்பி இருளப்பனின் மண்டையைப் பிளந்தது. அங்கம்மா நேரே நாவடக்கத் துறை அமைச்சர் முன்னால் போய் நின்றாள்.

"ஐயா, உங்காளு கூம்புல பேசுறதை நிப்பாட்டச் சொல்லுங்க. இன்னிக்கு மண்டை, நாளைக்கு உசுரு."

"அம்மணி, கருத்துச் சுதந்திரம் இந்நாட்டின் கண். ஆனால் வசைமொழிக்கு இங்கே இடமில்லை. எது எதுவென்று சோதித்துவிடலாம்."

அரண்மனைக் கிளியைக் கூண்டோடு கொண்டுவந்தார்கள். கெட்ட வார்த்தை கேட்டால் கத்துவதற்குப் பழக்கப்பட்ட கிளி. கத்தினால் குற்றம், கத்தாவிட்டால் கருத்து. மணிக்குரலார் வந்து தன் பேச்சைத் திருப்பிச் சொன்னார். கிளி நிதானமாகக் கொய்யாப்பழம் தின்றது.

"கருத்து," என்றார் அமைச்சர்.

"என்னய்யா கருத்து? எருமைக்குக்கூடத் தெரியும் அது புளுகுன்னு."

கூண்டே அதிரும்படி கிளி கத்தியது.

மறுநாள் ஆணை வந்தது. இனிப் படகில் ஒரே வாசகம்தான் செல்லும்: "மாட்சிமை பொருந்திய பயணிப் பெருமகனார் அவர்களே, தங்கள் திருவுளம் இசையுமாயின், தங்கள் திருமேனியைச் சற்றே பலகைமீது அமர்த்தியருள வேண்டுகிறேன்." மீறினால் படகு பறிமுதல்.

முதல் வாரமே ஓர் எண்ணெய் வியாபாரி சுழியில் எழுந்து நின்றார். அங்கம்மா 'திருவுளம்' வரை வந்தபோது அவர் தண்ணீருக்குள் இருந்தார். முடியைப் பிடித்து இழுத்துப் போட்டாள்.

"பழையபடி திட்டித் தொலைச்சிருக்கலாமே, தாயி," என்றார் இருமிக்கொண்டே.

விஷயம் துறைக்குப் போனது. துறை உடனடியாகச் செயல்பட்டது. வாசகத்தின் கடைசியில் 'நன்றி' சேர்க்கப்பட்டது.

அது எப்படி நடைமுறையில் இருக்கிறது என்று பார்க்க அமைச்சரே படகேறினார். கூடவே மணிக்குரலார், கையில் ஒரு சின்னக் கூம்போடு. அமைச்சரின் மடியில் கிளிக்கூண்டு.

சரியாகச் சுழியில், தென்கரை ஜனங்கள் தன்னைப் பார்க்கட்டும் என்று மணிக்குரலார் எழுந்து நின்றார். படகு சாய்ந்தது.

"மாட்சிமை பொருந்திய பயணிப் பெருமகனார் அவர்களே, தங்கள்..."

"உட்காருடா எருமை," என்று அலறினார் அமைச்சர்.

மணிக்குரலார் தொப்பென்று உட்கார்ந்தார். படகு நிமிர்ந்தது. கரை சேரும் வரை கிளி ஓயவில்லை.

இறங்கியதும் அமைச்சர் தொண்டையைச் செருமினார். "அம்மணி, குற்றம் நிகழ்ந்துவிட்டது."

"பேசினது நீங்கதானுங்களே?"

"பேசியவர் யார் என்பது இரண்டாம் பட்சம். பேச இடம் கொடுத்தவரே பொறுப்பு. சட்டத்தை எழுதியவன் நான். எனக்குத் தெரியாதா?"

படகுக்கு அரக்கு முத்திரை வைக்கப்பட்டது. வைத்த பிறகுதான், திரும்பிப் போக வேறு படகு இல்லை என்பது அமைச்சருக்கு உறைத்தது. முத்திரையை உடைப்பது அதைவிடப் பெரிய குற்றம். தென்கரை ஆட்கள் மூங்கில் வெட்டித் தெப்பம் கட்டினார்கள். வெயில் கொளுத்தியது.

"தாயே, கொஞ்சம் தண்ணீர்," என்றார் மணிக்குரலார்.

அங்கம்மா ஆற்றிலேயே ஒரு செம்பு மொண்டு நீட்டினாள். "நாங்க நஞ்சு கலந்த தண்ணிங்க. பரவால்லையா?"

தலைக்கட்டோடு நின்ற இருளப்பன் சிரித்துவிட்டான். மணிக்குரலார் ஒரே மூச்சில் குடித்தார். இன்னொரு செம்பு கேட்டுக் குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டார். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. பேச்சுக்கு நேரமாகிவிட்டது. சின்னக் கூம்பை நகரத்துப் பக்கம் திருப்பினார்.

"மதிப்புக்குரிய தென்கரைப் பெருமக்கள் நம் ஆற்றில் நஞ்சு கலக்கிறார்கள் என்பதை..."

கிளி கொய்யாப்பழம் தின்றது. எதிர்க்கரையில் உருவங்கள் கூடிக் குனிவது அங்கம்மாவுக்குத் தெரிந்தது.

"இனி கிளி கத்தாமல் நடந்துகொண்டால் படகு திரும்பக் கிடைக்கும்," என்று சொல்லிவிட்டு அமைச்சர் கூண்டோடு தெப்பத்தில் ஏறினார். பின்னாலேயே மணிக்குரலார் ஏறி, நின்றபடியே துடுப்பால் தள்ளினார். இருட்டிக்கொண்டு வந்தது. தென்கரையிலிருந்து போகிற தெப்பத்தில் இருப்பது யாரென்று இனி யாருக்கும் முகம் தெரியாது.

அங்கம்மாவுக்கு அடித்தொண்டையில் அந்த வார்த்தை வந்து முட்டியது. முத்திரை வைத்த படகைப் பார்த்தாள். விழுங்கினாள். ஆணைப்படி ஆரம்பித்தாள்.

"மாட்சிமை பொருந்திய பயணிப் பெருமகனார் அவர்களே..."

'திருவுளம்' வருவதற்குள் தெப்பம் எதிர்க்கரைக்குக் கல்லெறி தூரத்தில் போய்விட்டது. இருந்தாலும் அவள் விடவில்லை. 'நன்றி' வரைக்கும் சொல்லி முடித்தாள்.

முதல் கல் விழுந்ததும் கற்கண்டுக் குரல் என்ன சொன்னதோ, கிளி கத்துகிற சத்தம் தென்கரை வரை கேட்டது.