தோற்கப் போகிறேன் தாயே!

இந்தத் தேர்தலில் நான் படுதோல்வி அடையப் போகிறேன் என்று ஊரெல்லாம் அழுது புலம்புவதென முடிவெடுத்தேன். காரணம், நான் ஜெயிப்பது நிச்சயம். இப்போது நினைத்தால் எனக்கே சிரிப்பு வரவில்லை.

நகராட்சித் தலைவர் நாற்காலியில் இரண்டு தடவை உட்கார்ந்து, அதில் என் உடம்புக்கேற்ற பள்ளமே விழுந்துவிட்டது. எதிர்த்து நிற்பவர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். அவர் கூட்டத்துக்கு வருகிறவர்களை ஒரே வேனில் ஏற்றி அவரவர் வீட்டில் இறக்கிவிடலாம். பத்திரிகைகளும் வெற்றி எனக்கே என்று எழுதிவிட்டன. சனியன் அங்கேதான் பிடித்தது.

"மாமா, ஜெயிக்கிறவனுக்கு எதுக்கு ஓட்டுன்னு ஜனங்க போர்த்திக்கிட்டுப் படுத்துடுவாங்க. தோக்குறவனைப் பார்த்தாத்தான் மனசு இளகும். பரிதாப ஓட்டு அள்ளிடலாம்" என்றான் மச்சான். என் மனைவியின் தம்பி, பிரசாரத்தை நடத்துகிறவன்.

மறுநாளே கிழிந்த காலர் சட்டைக்கு மாறினேன். "பணபலம் இல்லை, படைபலம் இல்லை, நான் அநாதை!" என்று மேடைக்கு மேடை தழுதழுத்தேன். பின்னால் நின்ற கார் வரிசை ஹாரன் அடித்து ஆமோதித்தது.

பெண்கள் ஓட்டுக்கு மனைவியைக் கூப்பிட்டேன்.

"நான் வாசல்ல கும்பிட்டுட்டு நிப்பேன். நீ உள்ளே அடுக்களைக்குப் போய், யாருமே இல்லைன்னு அழணும்."

"எனக்கு அப்படியெல்லாம் அழ வராதுங்க."

"நிஜமாவா அழச் சொல்றேன்? நடிக்கத்தானே!"

"நடிக்கணுமா?" என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "சரி, வரேன்."

வீடு வீடாகப் போனோம். நான் வாசலில் பல் தெரியாமல் கும்பிடுவேன். உள்ளே போனவள் லேசில் வரமாட்டாள். வரும்போது மூக்கு சிவந்திருக்கும். வழியனுப்ப வரும் வீட்டுக்காரியும் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். ஒரு அம்மாள் அவள் கையை விடவே இல்லை. "கவலைப்படாதேம்மா, நாங்க பார்த்துக்கிறோம்" என்று அவளிடம் சொல்லிவிட்டு என்னை முறைத்தாள். ஏழை வேட்பாளரைக் கண்டு பொங்கிய இரக்கம் என்று எடுத்துக்கொண்டேன்.

"என்னம்மா இப்படிப் பிழியறே! எங்கே கத்துக்கிட்டே?"

"வீட்லதாங்க" என்றாள். சொல்லிவிட்டுத் தெருவைப் பார்த்துக்கொண்டு நடந்தாள். நான் அடுத்த வீட்டு அழைப்பு மணியைத் தேடினேன்.

பெண்கள் வாக்குச்சாவடி ஓட்டு ஒன்று விடாமல் வாத்தியாருக்கு விழுந்தது. தோற்றேன். மேடையில் சொன்ன சொல்லைக் காப்பாற்றிய முதல் அரசியல்வாதி நானாகத்தான் இருப்பேன். கார் வரிசை வாத்தியார் வீட்டுக்குப் போய்விட்டது. கூடவே மச்சானும். நான் நடந்தே வீட்டுக்கு வந்தேன். மேசையில் இரண்டு தட்டு வைத்துவிட்டு மனைவி உட்கார்ந்திருந்தாள்.

"அடுக்களையில என்னதான் சொன்னே?"

"நீங்க சொல்லச் சொன்னதைத்தான். யாருமே இல்லைன்னு. பொண்ணும் கல்யாணமாகிப் போயிட்டா. இவர் கூட்டம் கூட்டம்னு போயிடுறார். சாப்பாட்டை மூடி வைக்கிறேன், காலையில எடுத்துக் கொட்டுறேன். என் ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடப் பக்கத்து வீட்டம்மாதான் வந்தாங்க. இன்னொரு தடவை ஜெயிச்சார்னா எனக்குப் பேச்சே மறந்துடும்... இவ்வளவுதான் சொன்னேன். அழுகை தானா வந்துது."

ஊரெல்லாம் நான் அநாதை வேஷம் போட்டுக்கொண்டிருக்க, என் வீட்டுக்குள்ளேயே ஒருத்தி வேஷமில்லாமல் அப்படி இருந்திருக்கிறாள். மைக் இல்லாமல் அழ எனக்குப் பழக்கமில்லை. எப்படியோ வந்துவிட்டது.

அவள் என் தட்டில் பரிமாறினாள்.

"பரிதாப ஓட்டு விழும்னு என் தம்பி சொன்னது பொய்யில்லைங்க. அத்தனையும் விழுந்துது. எனக்கு."